கல்யாண வீட்டில் நான் போட்ட பாட்டு

பாட்டு தொடங்கும் முன் இசைத்தட்டில் முள் உரசும் அந்தக் 'கர்ர்' சத்தம் எங்கே கேட்டாலும் இன்றும் எனக்குக் காது சிவந்துவிடும். தென்காசியில் நானும் சண்முகமும் கூட்டாக மைக் செட் கடை வைத்திருந்த காலத்துச் சத்தம் அது.

ஆர்டர் பிடிப்பது, வயர் இழுப்பது, மரத்தில் ஏறி ஸ்பீக்கர் குழாய் கட்டுவது எல்லாம் நான். சண்முகம்? சாய்வு நாற்காலி. (வீட்டிலிருந்து அவனே சுமந்து வந்தது. கடைக்கு அவன் சுமந்த ஒரே பாரம்.) புதுத் தட்டை ஓடவிட்டுக் கண்ணை மூடுவான். ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம். மலையில் மேகம் இறங்கும், சாரல் வந்து தெருவை நனைக்கும், வெயில் வந்து காயவைக்கும். அவன் கால் பெருவிரல் மட்டும் தாளம் போடும். நடுவில் எழுந்து தட்டின் உறையில் சாக்கட்டியால் ஏதோ கிறுக்குவான்.

"ஏலே, இது கடையா, சினிமாக் கொட்டகையா?"

"வேலைதாம்லே பாக்கேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"காதுக்கு எதுக்குலே கண்ணு?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியைத் தூக்குவேன்.

அந்த ஆனியில் குற்றாலத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். பண்பொழி மலைக்கோயில் திருவிழாவுக்கு யார் செட் என்று முடிவு செய்கிறவரே பெண்ணுக்கு அப்பா. அது கிடைத்தால் கடை நிற்கும். இல்லையென்றால் நான் மாமனாரின் மிளகாய் மண்டியில் தும்மிக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான். மரியாதையாக இருக்கட்டும் என்று முந்தின நாள் உறைகளை எல்லாம் ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று அடுக்கினேன். காலையில் சண்முகத்திடம், "நீ அருவில போய்க் குளி. இன்னைக்கு நானே பாட்டுப் போடுதேன்" என்றேன். துண்டோடு போய்விட்டான்.

முதல் பாட்டு டூயட். பந்தலே தலையாட்டியது. ஒரு பக்கமே இப்படியென்றால் மறுபக்கம் எப்படியிருக்கும்! திருப்பிப் போட்டேன். மணப்பெண் மேடையேறவும், கதாநாயகி செத்துப்போன புருஷன் மேல் விழுந்து அழத் தொடங்கினாள். (பாட்டின் வார்த்தை எனக்கு என்றைக்கும் ஏறாது. நல்ல உருக்கம் என்று சத்தத்தைக் கூட்டினேன்.)

பெண்ணின் அப்பா பாய்ந்து வந்தார். "ஏலே! தாலி கட்டுத நேரத்துல ஒப்பாரியா வைக்கே?"

பதற்றத்தில் குமிழை எதிர்ப்பக்கம் திருகிவிட்டேன். குற்றாலம் முழுக்க அழுதது.

அருவிக்கரை வரைக்கும் கேட்டிருக்கிறது. தலையில் எண்ணெய் வழிய, ஈர வேட்டியோடு ஓடிவந்து முள்ளைத் தூக்கினான் சண்முகம். உறைகளைப் பார்த்தான்.

"இன்ட்டுக் குறி எல்லாம் எங்கலே? கல்யாணத்துக்கு ஆகாத பாட்டுக்குத்தான போட்டு வச்சேன்!"

"தொடச்சிட்டேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. சரசரவென்று தட்டுகளை உருவி இரண்டாகப் பிரித்தான். எந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டு, யார் சிரிக்கிறாள், யார் சாகிறான் என்று அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். தாலி ஏறும்வரை ஒரு பாட்டும் தப்பவில்லை.

இன்றும் வீட்டில் விசேஷம் என்றால் என் மனைவி முதல் வேலையாக ரேடியோவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டுத்தான் கோலம் போடப் போகிறாள்.

அன்று குழாய்களை வண்டியில் ஏற்றும்போது பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்தார். கும்பிட்டபடி, "அண்ணாச்சி, பண்பொழித் திருவிழா..." என்று இழுத்தேன்.

"செட்டு உங்க கடைதான். சண்முகத்த அனுப்பும்" என்றார். "நீரு சாமி கும்பிட மட்டும் வாரும்."