இடுப்பு நூல் சாத்திரம்

எங்கள் நாரின் ஊர்ச் சந்தையில் இறைச்சிக் கடைக்குக்கூட நிற்காத கூட்டம் ஜூமாதில் என்ற தபீப்பின் கூடாரத்துக்கு நின்றது. தபீப் என்றால் வைத்தியர். இவர் நாடி பார்க்கமாட்டார், ஆளையே பார்க்கமாட்டார். இடுப்பைச் சுற்றி அளந்த கம்பளி நூலை நீட்டினால் போதும். முகர்ந்துவிட்டு அது என்ன ஜாதிக் கொழுப்பு என்று சொல்லிவிடுவார். கண்ணேறுக் கொழுப்பு, கவலைக் கொழுப்பு, பாட்டன் தின்ற ஆட்டுவால் பேரனிடம் வந்து தங்கிய கொழுப்பு! மலைமேய்ச்சலில் இருப்பவர்கள் நூலை மட்டும் பஸ்ஸில் அனுப்பினார்கள். இடுப்பு வரவேண்டியதில்லை, காசு வந்தால் சரி.

பக்கத்து வீட்டுப் பூருல் அம்மாளின் நூலை முகர்ந்தவர், "மருமக கண்ணுபட்ட கொழுப்பு" என்றார். மந்திரித்த கயிற்றை இடுப்பில் கட்டி, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அம்மாளும் நிறுத்தினார். காலில் இருந்த புண் பெரிதாகிக்கொண்டே போனது. கொழுப்பு வெளியேறுகிறதாம்!

அம்மாளின் மருமகள் அய்ஜார்கின், ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிப்பவள். "அத்தே, தொடையில தங்குற கொழுப்பு வேற, ஈரலைச் சுத்தித் தங்குற கொழுப்பு வேற. உங்களுது ரெண்டாவது. ரத்தத்துல சர்க்கரையும் கொழுப்பும் ஏறிக் கிடக்கு. நூலு சுத்தளவைத்தான் சொல்லும், உள்ளே நடக்கறத ரத்தந்தான் சொல்லும். மாத்திரையைப் போடுங்க, இல்லாட்டி காலு போயிடும்!"

"கண்ணு வச்சவளே மருந்தும் சொல்றியா?" என்றார் மாமியார்.

கயிற்றை இறுக்கிக்கொள்ள அம்மாள் மறுபடி போனபோது, மருமகளும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். "வர முடியாத ஒருத்தங்களோட நூலுங்க" என்று நீட்டினாள்.

தபீப் கண்ணை மூடி முகர்ந்தார். "அடேயப்பா! மூணு பிள்ளை பெத்த உடம்பு. வயித்துல ஓயாத சூடு. அடிக்கடி பெருமூச்சு. மருமக கண்ணுதான்!"

அய்ஜார்கின், "இதைச் சுத்தி அளந்த நூலுதாங்க அது" என்று மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே பூருல் அம்மாள் வீட்டுச் சமோவார்! தினமும் அவளே கரி போட்டு, தேநீருக்கு வெந்நீர் பிடிக்கிற அதே பித்தளைப் பாத்திரம்.

தபீப் அசரவில்லை. "இதுக்குத் தண்ணி ஊத்துறது யாரு? மருமகதானே? அப்பக் கண்ணுபட்டது சரிதானே!"

கூட்டம் தலையாட்டியது. ஒருவர் சமோவாரைப் பார்த்து "பாவம்" என்றுகூடச் சொன்னார்.

பூருல் அம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "டேய்! என் கல்யாணத்துக்கு வந்த சமோவாருடா இது. அன்னையிலேருந்து என்கூடவே இருக்கு. எனக்குத் தெரியாம எப்படா மூணு பிள்ளை பெத்துச்சு?"

கூட்டம் சிரித்து அடங்கியபோது தபீப்பைக் காணோம். அம்மாள் கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "மாத்திரையை எடுடி. காலு ரொம்ப வலிக்குது."

கால் தப்பியது. அந்தக் கயிறு இப்போது சமோவாரின் இடுப்பில் இருக்கிறது. அது விரற்கடைகூட மெலியவில்லை. சமோவாருக்கு மூளை கிடையாது, எதைக் கட்டினாலும் பேசாமல் நிற்கும். மூளை உள்ள நமக்கு என்ன வந்தது?