பராபர் பாயும் என் ஓராண்டு எம்.ஏ.வும்

உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து கொடுத்த பட்டங்களைவிட, பராபர் பாய் தன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தபடி பிடுங்கிக்கொண்ட பட்டங்கள் அதிகம். போர்ட் பிளேரில் சாத்தம் பாலத்துக்கு இந்தப் பக்கம் அவர் கடை. சொந்தப் பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பராபர் என்றால் எங்கள் தீவு இந்தியில் சமம். எந்த நாட்டுப் படிப்பு நம் ஊரில் எதற்குப் பராபர் என்று சொல்வதுதான் அவருடைய உண்மையான தொழில். ஜெராக்ஸ் சும்மா சாக்கு.

வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் எல்லாரும் சான்றிதழோடு அவரிடம்தான் வருவார்கள். மனுஷர் உடனே நகல் எடுத்துவிட மாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிப்பார். "எந்த தேசம்? எத்தனை வருசம்? லீவு எவ்வளவு?" இதற்குப் பதில் சொல்லாமல் அந்தக் கடையிலிருந்து ஒரு காகிதமும் வெளியே வந்ததில்லை.

ஒருமுறை ஜெர்மன்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டை நகல் எடுக்க வந்து மாட்டிக்கொண்டார். அவர்கள் ஊரில் ஒன்று வாங்கினால் முதல் தரம், ஐந்து வாங்கினால் பெயில் என்று பாவம் பொறுமையாக விளக்கினார். பாய் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா தம்பி? அங்க அஞ்சு வாங்கினாத்தான் பெயிலாம். நம்ம ஊர்ல அஞ்சு வாங்கினாலும் பெயில், ஒண்ணு வாங்கினாலும் பெயில். எது கண்டிப்பான படிப்பு, நீயே சொல்லு."

பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம் என்று எங்கோ படித்துவிட்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார். "இங்க நம்ம புரோத்ராபூர்ல மூணு வயசுல கொண்டுபோய்த் தள்ளுறாங்க. அப்ப நம்ம பிள்ளை நாலு வருசம் சீனியர்" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்த மாப்பிள்ளை ஒருவருக்கு, பனியில் எவன் காலேஜுக்குப் போவான் என்று சொல்லி ஆறு வருடத்தில் இரண்டைக் கழித்துவிட்டார். பெண் வீட்டில் முணுமுணுப்பு கிளம்பியது. மாப்பிள்ளை நேரில் வந்து, "அந்தப் பனியிலயும் போனேன் பாய், அல்லா மேல சத்தியமா" என்று கெஞ்சிய பிறகு ஒரு வருடத்தைத் திருப்பிக் கொடுத்தார். கல்யாணம் நடந்தது.

இப்படிப்பட்டவரிடம் என் கதையும் போய்ச் சேர்ந்தது. நான் இங்கிலாந்தில் எம்.ஏ. படித்துவிட்டு வந்தவன். அங்கே எம்.ஏ. ஒரே வருடம். வந்ததும் அரசுக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலைக்குத் தேர்வாகிவிட்டேன். அப்பா எங்கள் ஹாடோ பகுதி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அலுவலகத்தில் ஹெட் கிளார்க் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு வருசம்தானே இருக்கு? மிச்ச ஒரு வருசம் எங்க?"

வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவனைக் கேட்கிற மாதிரி கேட்டார். ஆறு மாதத்துக்குள் இது நம் இரண்டு வருட எம்.ஏ.வுக்குச் சமம் என்று டெல்லியிலிருந்து கடிதம் வர வேண்டும், வராவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். கடிதம் கேட்டு எழுதுவீர்களா என்றேன். அதற்குச் சூப்பிரண்டு கையெழுத்துப் போட வேண்டும், அவர் இந்த மாதிரி ஃபைலைத் தொடுவதில்லை என்றார்.

இதை நான் போய்ச் சொன்னதும் பாய் கடையின் ஷட்டரை இறக்கினார். வெள்ளிக்கிழமைத் தொழுகை தவிர வேறெதற்கும் அவர் பகலில் கடை சாத்தி நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஹெட் கிளார்க் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார் என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.ஏ. ரெண்டு வருசம். மதுரையில."

"கப்பல்ல போனீங்களா?"

"அப்பல்லாம் கப்பல்தானே பாய்."

"அப்ப ஒரு தடவைக்குப் போக மூணு நாள், வர மூணு நாள். டிக்கெட்டுக்கு லைன்ல நின்னது நாலு. இறங்கினதும் தலைசுத்தல் தெளிய ரெண்டு. பூஜா லீவு, பொங்கல் லீவு, ஸ்ட்ரைக்கு." காகிதத்தில் எழுதிக்கொண்டே போனார். "மழைக்கு லீவு விட்டாங்களா?"

"விட்டாங்க" என்று ஹெட் கிளார்க் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தம்பிக்கு அது இல்ல. அங்க தினம் மழை. மழைக்கு லீவு விட்டா காலேஜே நடக்காது." கோடு போட்டுக் கூட்டினார். "உங்க எம்.ஏ. எட்டு மாசம். தம்பியோடது பன்னெண்டு. ஒன்றரை மடங்கு."

அந்த அறையில் ஆறு பேர். எல்லாருமே கடல் தாண்டி மெயின்லேண்டில் படித்தவர்கள். பாய் மேஜை மேஜையாகப் போனார். ஒருவருடைய பி.காம். பதினோரு மாதமானது. கப்பலில் எப்போதும் வாந்தி எடுக்கிற அம்மா ஒருவர், கழித்துக் கழித்துப் பத்தாம் வகுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஹெட் கிளார்க் எழுந்து நின்று செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். என் வேலை இதோடு போச்சு என்று நான் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டுச் சூப்பிரண்டு வெளியே வந்தார். வங்காளி, பேசவே மாட்டார். தபால் வழியில் பி.ஏ. முடித்தவர் என்று அவர் முதுகுக்குப் பின்னால் அந்த அறையே சிரிக்கும். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "மேரா பி ஹிசாப் கரோ" என்றார். என்னுடையதையும் கணக்குப் போடு என்கிறார்.

பாய் விசாரித்தார். வீட்டிலேயே இருந்து படித்ததா? ஆமாம். கப்பல் ஏறவே இல்லையா? இல்லை. மழை பெய்தால்? மழைக்கு வேறு வேலை என்ன, அன்றைக்குத்தான் அதிகமாகப் படித்தேன் என்றார் சூப்பிரண்டு.

பாய் பேனாவை மூடினார். "கழிக்க ஒண்ணுமே இல்ல சாப். பூரா தீன் சால். மூணு வருசம் முழுசு. இந்த ஆபீஸ்ல பெரிய படிப்பு உங்களோடதுதான்."

சூப்பிரண்டு ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை. பிறகு என் ஃபைலை எடுத்துவரச் சொல்லி, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பாய்க்கு டீயும் சொன்னார்.

ஐந்து மாதம் கடிதம் வரவில்லை. சொந்தக்காரர்கள் அரை எம்.ஏ. என்று கிண்டல் செய்தார்கள். அப்பா ஹாடோ பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். எனக்கே ராத்திரியில் சந்தேகம் வந்தது. பாய் மட்டும் பார்க்கும்போதெல்லாம், "ஒன்றரை வருது பாரு" என்பார்.

ஆறாவது மாதத்தின் முதல் வாரத்தில் வந்துவிட்டது. இரண்டு வருட எம்.ஏ.வுக்குச் சமம் என்று ஒரே வரி. அப்பா அதை நான்கு தடவை படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஹாடோவுக்குக் கிளம்பினார். நான் கடைக்கு ஓடினேன். பாய் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். முகம் சுருங்கிப்போனது.

"என்ன தம்பி, சமம்னு போட்டிருக்கான்?"

"அதுதானே பாய் கேட்டோம்?"

"நீ கேட்ட. நான் ஒன்றரைன்னுல்ல கணக்குப் போட்டுக் குடுத்தேன்?" கடிதத்தை மெஷினில் வைத்தார். "சேர்றதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அப்பீல் போடலாம். விட்டுக்கொடுக்காத."

சிரிக்கத்தான் நினைத்தேன், "சரி பாய்" என்றுதான் வந்தது. என் படிப்பை நானே பாதி என்று நம்பத் தொடங்கியிருந்த அந்த ஐந்து மாதமும், அதை ஒன்றரையாகவே வைத்திருந்த ஒரே மனுஷர் அவர்தான்.