ஏழாம் எண்ணின் இரண்டாவது தமனி

சேர்வராயன் மலை உலகத்துக்குக் காபி கொடுத்திருக்கிறது. மிளகு கொடுத்திருக்கிறது. கோடை விழாவுக்கு வளைவு வளைவாக ஏறி வருகிறவர்களுக்கு வாந்தியும் கொடுத்திருக்கிறது. ஆனால் மனித குலத்துக்கு ஒரு புத்தம் புதிய ரத்தக்குழாயை அருளும் பெருமை இந்த வருஷம்தான் அதற்கு வாய்த்தது. அது முளைத்த இடம் கொட்டச்சேட்டில் காபித் தோட்ட வேலை செய்யும் சிவசக்தியின் வயிறு. எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் அந்தச் செய்தி சிவசக்திக்குத் தெரிந்தது. விஞ்ஞானத்தில் அதுதான் முறை.

சிவசக்திக்கு முப்பத்தொரு வயது. நல்ல உயரம், வேலிக்கம்பு மாதிரி உடம்பு. உச்சிக் கிளையை வளைக்காமலே பழம் பறிப்பாள். ஒரு வருஷமாகத் தலைவலி. சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெயமேரி பிரஷர் பார்த்தார். இருநூற்றுப் பத்து காட்டியது. கருவி கெட்டுப்போனதென்று தன் கையில் சுற்றிப் பார்த்தார். கருவி நன்றாகத்தான் இருந்தது.

"இந்த வயசுல இவ்வளவு இருந்தா கிட்னியப் பாக்கணும் கண்ணு" என்று சேலத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்க வைத்தார். வலது சிறுநீரகத்துக்குப் போகிற தமனி, பாசிமணி கோத்த மாதிரி அங்கங்கே இறுகி, அங்கங்கே உப்பி இருந்தது. அபூர்வமான நோய். வைத்தியம் என்னவோ சாதாரணம்தான்: தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியில் ஒரு சின்ன பலூனை ஊதி, இறுகின இடத்தை விரித்துவிடுவது.

அபூர்வமான ஒன்றைச் சாதாரணமாகக் குணப்படுத்திவிடும் அந்த அநாகரிகம் நடக்காமல் தடுத்தது, ஏற்காட்டில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் 'சேர்வராயன் அரிய தமனி நோய் ஆய்வு மையம்'. அங்கே பதினான்கு ஆய்வாளர்கள் இருந்தார்கள். நோயாளிதான் இல்லை. அதற்கு முன் சேர்ந்த ஆறு பேருக்கும் சாதாரண நோய் என்று தெரியவந்து, தலைகுனிவோடு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இயக்குநர் டாக்டர் பாலசுப்பிரமணியம் சிவசக்தியின் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என்ன அழகு" என்றார்.

சிவசக்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிச் சொன்னதில்லை.

பலூன் இல்லாமல் மாத்திரையாலேயே தமனியை விரிக்க முடியுமா என்பது ஆய்வு. ஆறு மாதம் மாத்திரை. மூன்றாம் மாதம் ஒரு ஸ்கேன். ஆறாம் மாதமும் இறுக்கம் இருந்தால் மையமே பலூன் வைத்துவிடும். சிவசக்திக்குப் புரிந்தது அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டாள்.

ஒப்புதல் படிவம் பதினெட்டுப் பக்கம். ஒருங்கிணைப்பாளர் சுதாராணி வாசித்துக் காட்டினாள்.

"'பங்கேற்பாளரின் அடையாளம் முற்றிலும் பாதுகாக்கப்படும்.'"

"அப்படின்னா என்னங்க?"

"உங்க பேரை இங்க யாரும் சொல்ல மாட்டோம். நீங்களும் சொல்லக் கூடாது. நீங்க ஏழாம் நம்பர்."

"எம்பேரு செவசக்திங்களே."

"பாத்தீங்களா, சொல்லிட்டீங்க."

அந்த வாக்குறுதியை மையம் காப்பாற்றியதைப்போல் வேறெந்த வாக்குறுதியையும் எந்த நிறுவனமும் காப்பாற்றியதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் அவள் போவாள். "ஏழு?" என்பார்கள். "இருக்கேனுங்க" என்பாள். ஒரு கோடு போடுவார்கள். எடை, உயரம், ரத்தம், சிறுநீர் எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். அவள் தலைவலியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால், அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை என்று வருத்தத்துடன் தெரிவிப்பார்கள்.

இதெல்லாம் சிவசக்திக்குப் பழகின விஷயமாகத்தான் இருந்தது. எஸ்டேட்டிலும் காலையில் ரைட்டர் செங்கோடன் பேர் கூப்பிடுவார். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்து ஒரு பதில் ஆளை அனுப்புவார்கள். அந்த ஆள் நின்று "இருக்கேனுங்க" என்றால், ரைட்டர் தலை நிமிராமல் கோடு போடுவார். யார் நிற்கிறார் என்பது கேள்வியே இல்லை, கோடு விழவேண்டும். மூன்று தலைமுறையாக இந்த வழக்கத்தால் ஒரு காபிப் பழம்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. சிவசக்தி மையத்துக்குப் போகிற நாட்களில் அவளுடைய நாத்தனார் கலாவதிதான் எஸ்டேட்டில் சிவசக்தியாக நின்றாள்.

ஜனவரியில் பழமெடுப்பு மும்முரமாக இருந்தபோது மூன்றாம் மாத ஸ்கேன் வந்தது. முந்தின நாள் கலாவதி சரிவில் சறுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாள். சரிவில் ஏற முடியாது. பஸ்ஸில் உட்கார முடியும்.

"அங்க என்ன அண்ணி பண்ணச் சொல்வாங்க?"

"கையில ஒரு ஊசி. அப்பறம் படுத்துக்கணும். மூச்சப் புடின்னா புடிக்கணும், உடுன்னா உடணும்."

"படுத்துக்கறதுக்கா இத்தன நாளா சலிச்சுக்கிட்டிருந்த? அது எனக்கு நொம்ப நல்லா வரும்."

ஆகவே சிவசக்தி எஸ்டேட்டுக்குப் போனாள், கலாவதி விஞ்ஞானத்துக்குப் போனாள். "ஏழு?" என்றார்கள். "இருக்கேனுங்க" என்றாள். கோடு விழுந்தது.

மறுநாள் மையமே அதிர்ந்தது. வலது தமனி வாய்க்கால் வெட்டின மாதிரி சீராக இருந்தது. அதுவல்ல அதிசயம். பக்கத்திலேயே இன்னொரு தமனி. அக்டோபரில் ஒன்றுதான் இருந்தது, ஜனவரியில் இரண்டு.

சிலருக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு தமனி இருக்கும் என்பது மருத்துவப் படிப்பின் முதலாண்டுப் பாடம். டாக்டர் பாலசுப்பிரமணியம் முதலாண்டைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டவர்.

"மாத்திரை பழசைக் குணப்படுத்தியது மட்டுமில்லை, புதுசா ஒண்ணு முளைக்க வெச்சிருக்கு" என்றார், தழுதழுத்த குரலில்.

சுதாராணிக்கு மட்டும் ஒரு சின்னக் குழப்பம். "சார், ஏழாம் நம்பர் ஒன்பது சென்டிமீட்டர் குறைஞ்சிருக்காங்க. பதினேழு கிலோ கூடியிருக்காங்க."

"பக்கவிளைவு" என்றார் டாக்டர். "எழுதிக்கோ."

"கன்னத்துல புதுசா ஒரு மச்சமும் இருக்கு சார்."

"முகம் நம்ம ஆய்வு எல்லைக்குள்ள வராது."

பிப்ரவரியில் சிவசக்தி போனபோது அவள் கையில் லட்டு கொடுத்தார்கள். குணமாகிவிட்டது என்றார்கள். அவளுக்கு அன்றைக்குத் தலை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. பிரஷர் பார்த்தார்கள். இருநூற்றாறு.

"சந்தோஷத்துல ஏறியிருக்கு" என்றார் டாக்டர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்குப் பலூன் எப்பங்க வெப்பீங்க?"

"திறந்திருக்கற கதவை எதுக்கும்மா உடைக்கணும்?"

சிவசக்தி லட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். வருகிற வழியில்தான் அவளுக்கு மெல்ல விளங்கியது. இது கோடு போடுகிற இடம் மட்டுமில்லை. அன்றைக்குப் படுத்த ஆளின் படத்தை வைத்துத்தான் வைத்தியமும். மறுநாள் கலாவதியைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டருக்கு முன்னால் நிறுத்தினாள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை.

"ஏனுங்க சார், அன்னிக்குப் படுத்தது நானில்லீங்க. இவதானுங்க. எங்க நாத்தனாரு கலாவதி. தெரியாமப் பண்ணிட்டோம். எனக்கு மறுக்காப் படம் எடுத்துப் பாருங்க."

டாக்டர் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் இருந்த இரண்டு தமனிகளைப் பார்த்தார். அவற்றை அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. மே மாதம் மாநாடு, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

"பதில் ஆள் அனுப்பறது கூலி வேலையில நடக்கலாம். இங்க நடந்தா அது விஞ்ஞானத்துக்குப் பண்ற துரோகம்" என்றார். குரலில் உண்மையான வேதனை இருந்தது.

நெறிமுறைக் குழு அவசரமாகக் கூடியது. மூன்று மணி நேரமும் இரண்டு சுற்று பஜ்ஜியும் ஆன பின், வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவுகள் எடுக்கப்பட்டன. ஆய்வில் ஆள்மாறாட்டம் நடந்திருக்க வாய்ப்பே இல்லை. ஏனெனில் பங்கேற்பாளரின் அடையாளம் யாருக்கும் தெரியாது, தெரியாத அடையாளத்தை மாற்ற முடியாது. மேலும், ஏழாம் எண் குணமடைந்துவிட்டது ஆவணப்படி உறுதி. எனவே இன்னமும் தலைவலி உள்ள பெண்மணி ஏழாம் எண் அல்லர்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த சிவசக்தியிடம் சுதாராணி இதை வாசித்துக் காட்டினாள்.

"அப்ப நான் யாருங்க?"

சுதாராணி தர்மசங்கடத்துடன் காகிதத்தை மடித்தாள். "அதை நாங்க சொல்லக் கூடாதுங்க. அடையாளப் பாதுகாப்பு."

பஸ் ஸ்டாப்பில் கலாவதிதான் அழுதாள். "உனக்கு வர வேண்டிய பலூன நான் படுத்துக் கெடுத்துட்டனே அண்ணி."

"அழாதடி. ரெண்டு குழா வெச்சிருக்கறவ அழுவலாமா?" என்றாள் சிவசக்தி. அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை இன்னும் வலித்தது.

விஷயத்தைக் கேட்ட ஜெயமேரி மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, குப்பனூர் வழியாக இறங்குகிற பஸ்ஸில் சிவசக்தியை ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"பேர் என்னம்மா?"

சிவசக்தி ஜெயமேரியைப் பார்த்தாள். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பது போல் குனிந்து, "செவசக்திங்க" என்றாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். அந்த வாரமே பலூன் வைத்தார்கள். வைக்கும்போதே டாக்டரம்மா, அவளுக்குப் பயம் தெரியாமலிருக்க, எந்த ஊர், வீட்டில் யார் யார் என்றெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் பிரஷர் நூற்றுமுப்பதுக்கு இறங்கியது. தலை என்று ஒன்று இருப்பதே சிவசக்திக்கு மறந்துபோயிற்று. ஆய்வுக்கட்டுரை எழுதும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு நோயாளி வந்தாள், குணமானாள், போனாள். விஞ்ஞானம் ஓரங்குலமும் நகரவில்லை.

விஞ்ஞானம் ஏற்காட்டில்தான் நகர்ந்துகொண்டிருந்தது. 'முளைக்கும் தமனிகள்: சேர்வராயன் பிரகடனம்' என்று மாநாட்டுக்குப் பெரிய ஹோட்டலில் பேனர் ஏறிவிட்டது. இரண்டு நாள் இருக்கும்போது சென்னையிலிருந்து வருகிற மூத்த பேராசிரியரின் கடிதம் ஒன்று வந்து சேர்ந்தது. படம் போதாது, அந்த நோயாளியையே மேடையில் படுக்க வைத்துக் கருவியால் பார்த்துவிட்டுத்தான் பாராட்டுவேன் என்று எழுதியிருந்தார். வயதானவர்களிடம் இப்படிச் சில பழைய பழக்கங்கள் இருக்கின்றன.

அன்று சாயங்காலம் மையத்து ஜீப் கொட்டச்சேட்டுக்கு வந்தது. தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில், கையில் எண்ணெய் பூசிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள் சிவசக்தி. கலாவதி தலைச்சோலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஜீப்பிலிருந்து டாக்டர் பாலசுப்பிரமணியம் தனியாக இறங்கி வந்து, கை கூப்பினார்.

"கலாவதியம்மா" என்று ஆரம்பித்தார்.

சிவசக்தி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. வாயில் சுளை இருந்ததால் பேசவும் முடியவில்லை.

"அன்னைக்குக் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. யோசிச்சுப் பாத்தா, பதில் ஆள்ங்கறது நல்ல ஏற்பாடுதான். நீங்க நாளன்னிக்கு ஒரே ஒரு மணி நேரம் சிவசக்தியா வரணும்."

சிவசக்தி சுளையை விழுங்கினாள். "யாரா வரணும்ங்க?"

"உங்க அண்ணி சிவசக்தி. அவங்களா வந்து மேடையில படுத்துக்கணும். அவ்வளவுதான்."

"அவுங்களையே கூப்புடலாமுங்களே."

"ஐயோ, அந்தம்மா வேண்டாம். அவங்களுக்கு ஒரு தமனிதான். சரிப்பட்டு வராது."

"அவுங்கள நீங்க நல்லாப் பாத்துருக்கறீங்களா சார்?"

டாக்டர் புண்பட்டுப் போனார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? அஞ்சு மாசம். வாரம் தவறாம. ஆயிரம் பேருக்கு நடுவுல நிறுத்தினாலும் சிவசக்தியை நான் கண்டுபிடிச்சுடுவேன்."

சிவசக்தி ஒரு பலாச்சுளையைக் கொட்டை எடுத்து, இலையில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"சாப்புடுங்க சார். செவசக்தியா வர்றதுல எனக்கு ஒரு சிரமமும் இல்லீங்க. அஞ்சு மாசமா வாரவாரம் உங்ககிட்ட செவசக்தியாத்தானுங்களே வந்துக்கிட்டிருந்தேன்."