தூக்குக்குண்டு சொன்ன பூ

மோக்ஸி ஊரில் அந்த அக்டோபர் மாதம் யாரும் மூக்கை நம்பவில்லை. வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சும் ஊர் அது. இருபதடி உயரக் கம்பிகளில் ஹாப் கொடி ஏறி, பாதி நாட்டின் பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் பூ விளைகிற ஊர். அப்படிப்பட்ட ஊரில், எந்தப் பீருக்கு எந்தப் பூ என்று தெரிந்துகொள்ளச் சனிக்கிழமைதோறும் எண்பது பேர் பழைய ஹாப் கிடங்கின் வாசலில் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு பாட்டில். மந்திரிக்கக் கொண்டுவந்த கைக்குழந்தை மாதிரி அதை மார்போடு அணைத்திருந்தார்கள்.

உள்ளே வெண்டல் ஃபிஸ்க் அமர்ந்திருந்தார். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். கொத்தனார் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பாரே, அதுபோல ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு வைத்திருந்தார். நேரான எதற்கும் அவர் அதைப் பயன்படுத்தியதில்லை.

பீர் புளித்து அடங்கிய பிறகு, காய்ச்சாத ஹாப் பூவை அதில் போட்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள். மணத்துக்காக மட்டும். கேஸ்கேட் என்ற ரகத்தைப் போட்டால் பம்பளிமாஸ் மணக்கும். சினூக் போட்டால் பைன் பிசின். சென்டென்னியல் என்றால் எலுமிச்சை. எதை எதோடு எவ்வளவு போடுவது என்பதில்தான் மோக்ஸியில் நட்பும் பகையும். ஃபிஸ்க் அந்தத் தலைவலியைத் தீர்த்துவைத்தார். காய்ச்சியவரின் பிறந்த தேதியைக் கேட்பார். குண்டைக் கோப்பைமேல் தொங்கவிடுவார். வலமாகச் சுற்றினால் கேஸ்கேட். இடமாகச் சுற்றினால் சினூக். நெடுக்கே ஆடினால் சென்டென்னியல். ஆடாமல் நின்றால் பீருக்குத் தோஷம், அதற்குத் தனிக் கட்டணம். நம் பக்கத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட மணமக்கள் இருவரும் மனிதர்களா என்பதையாவது கவனிப்பார்கள்.

டெர்ரி ஓஸ்டர்வீலும் வரிசையில் நின்றார். நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பூவை எடைபோடும்போது கால் கிராம் கூடினாலும் கிள்ளி எடுத்துவிடும் ஆசாமி. அவர் தன் பிறந்த நேரத்தை நிமிடம்வரை எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

இதெல்லாம் ஆர்மாண்ட் லக்காஸுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, தன் வீட்டுப் பெயர் அடிபடும்வரை. எழுபத்தொரு வயதிலும் கம்பிபோல நிமிர்ந்து நடக்கும் மனிதர். மோக்ஸி வீட்டு பீர் சங்கம் ஆண்டுதோறும் குளிர்காலப் போட்டிக்கு அனுப்பும் பீரில் ஊறுவது லக்காஸ் தோட்டத்துக் கேஸ்கேட்தான். பாட்டில் ஒட்டுச்சீட்டிலும் அந்தப் பெயர் இருக்கும். சங்கத் தலைவி அவருடைய தங்கை கொலெட். கொலெட் அந்த ஆண்டுப் பீரை ஃபிஸ்க்கிடம் கொண்டுபோனாள். குண்டு ஆடவில்லை. ஃபிஸ்க் கண்ணை மூடி, லக்காஸ் தோட்டத்துப் பூவில் மூன்று தலைமுறைக் கோபம் தங்கியிருக்கிறது, தாத்தா யாரையோ ஏமாற்றி நிலம் வாங்கியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை வேறு பூவுக்கு வாக்கெடுப்பு என்று முடிவானது.

"எனக்கும் மனசில்லண்ணே," என்றாள் கொலெட். "ஆனா குண்டு அசையவே இல்லை. என் கண்ணால பாத்தேன்."

"குண்டு அசையாததுக்கு என் தாத்தா திருடனா?"

"அப்படிச் சொல்லலை. ஒரு தடவை நீயே வந்து பாரேன்."

வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஃபிஸ்க் முதலில் ஒரு கோப்பையில் வெறும் பீரை ஊற்றி மோந்து பார்க்கச் சொன்னார். மணமே இல்லை. குண்டு அதன்மேல் மெல்லச் சுற்றியது. "இப்ப மோந்து பாருங்க," என்றார். ஹாப் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பூவை உள்ளங்கையில் கசக்கி முகத்தருகே கொண்டுபோகும்போதே கண்ணை மூடிக்கொள்வார்கள். மூடாமல் மோப்பவரை இந்த ஊரில் விவரம் தெரியாதவர் என்பார்கள். ஆர்மாண்டும் மூடினார். குப்பென்று மணம் ஏறியது. இரண்டு மடக்கு குடித்தும் பார்த்தார். ஐம்பது வருட மூக்கு பொய் சொல்லாது. எழுந்து வீட்டுக்குப் போனார்.

இரவு சாப்பிட உட்கார்ந்தார். அந்த மணம் மேலே மட்டும் இருந்தது என்பது தட்டில் கைவைத்தபோதுதான் உறைத்தது. ரசத்தின் மேல் மிதக்கும் தாளிப்பு எண்ணெய் மாதிரி முதல் மடக்கில் வந்தது, அடுத்த மடக்கில் போய்விட்டது. மூன்று நாள் ஊற வேண்டிய பூ மூன்று நிமிடத்தில் எப்படி மணக்கும்? அதுவும் பூவே போடாமல்? இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மோந்து பார்க்கும் நேரத்தில் அந்தக் கிடங்கில் கண்ணைத் திறந்துவைத்திருந்தவர் ஃபிஸ்க் ஒருவர்தான்.

வாக்கெடுப்புச் சனிக்கிழமை ஆர்மாண்ட் ஒரு கறுத்த மண் குவளையை மூடி போட்டு எடுத்துவந்தார். கூட்டம் வழிவிட்டது. கர்வம் பிடித்த கிழவர் பரிகாரத்துக்கு வந்துவிட்டார் என்று எல்லோருக்கும் உள்ளூர மகிழ்ச்சி. ஃபிஸ்க்குக்கு இன்னும் கூடுதல் மகிழ்ச்சி. பெரிய தோட்டம், பெரிய தோஷம், பெரிய கட்டணம்.

"உங்க வீட்டுப் பீரா?" என்றார் ஃபிஸ்க்.

"என் வீட்டுல இருந்து கொண்டு வந்தது," என்றார் ஆர்மாண்ட். பொய் சொல்வது அவர் வீட்டு வழக்கம் இல்லை.

குண்டு இறங்கியது. ஃபிஸ்க் எப்போதும் கூட்டத்தைப் பார்ப்பார், குவளையைப் பார்க்கமாட்டார். முதலில் குண்டு அசையவில்லை. பெருமூச்சுகள் எழுந்தன. பிறகு இடமாகச் சுற்றியது.

"தாத்தா மேல இருந்த கோபம் தீர்ந்துடுச்சு," என்றார் ஃபிஸ்க். "இந்தப் பீர் சினூக்கைக் கேக்குது. மோந்து பாருங்க, பீரே சொல்லும்."

குவளை கைக்குக் கை போனது. ஒவ்வொருவரும் மரியாதையாகக் கண்ணை மூடினார்கள். பைன் காடு, என்றார் ஒருவர். மழை பெய்த பைன் காடு, என்று திருத்தினார் பக்கத்தில் இருந்தவர். டெர்ரி நெடுநேரம் மோந்துவிட்டு, அடியில் கொஞ்சம் மாம்பழமும் இருப்பதாகச் சொன்னார். கொலெட்டின் கண்ணோரம் ஈரம்.

ஆர்மாண்ட் குவளையை வாங்கி, ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தண்ணி," என்றார். "எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி."

கூட்டம் குவளையையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தது. ஃபிஸ்க் மட்டும் தடுமாறவில்லை. தண்ணீருக்கும் நினைவு உண்டு, அது ஹாப் வேரில் ஓடிய தண்ணீர் என்று விளக்கினார். இரண்டு மூன்று தலைகள் ஆடவும் செய்தன. இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் மறுவாரம் தண்ணீர் பாட்டிலோடு வரிசை நின்றிருக்கும்.

கொலெட் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்கவில்லை. "குண்டைக் கொடுங்க ஃபிஸ்க்," என்று கை நீட்டினாள்.

"அந்நியக் கை பட்டா சக்தி போயிடும்."

"போகட்டும். பாக்கலாம்."

வாங்கினாள். நடுவில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது, பிடித்துத் திருகினாள். குண்டு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே பஞ்சு, பஞ்சு நிறைய ஹாப் எண்ணெய், நுனியில் ஊசித்துளை. ஆட்டம் முடிந்து குண்டைக் கையில் எடுக்கும்போது மேலே கட்டைவிரலால் அழுத்தினால் கீழே கோப்பையில் ஒரு சொட்டு. உள்ளங்கையில் சொட்டவிட்டாள். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே மோந்தாள்.

"இவ்வளவு நாளும் ஒரே எண்ணெய்தானா?" என்றாள். "டெர்ரிக்குச் சினூக், என் சொந்தப் பீருக்குச் சென்டென்னியல், எல்லாம் இந்த ஒண்ணுதானா?"

ஒன்றுதான். பைன் என்று சொன்னால் பைன் மணந்தது, எலுமிச்சை என்று சொன்னால் எலுமிச்சை மணந்தது. எண்பது பேரும் இத்தனை வாரமாகக் காதால் மோந்துகொண்டிருந்தார்கள். ஃபிஸ்க் பின்வாசல் வழியாகப் போனார். போகும்போது நூலைக்கூடக் கேட்கவில்லை.

உடனே கூட்டம் மறுபக்கம் சாய்ந்தது. லக்காஸ் பூதான், வாக்கெடுப்பே வேண்டாம் என்று கை தட்டினார்கள். தாத்தாவின் பெயர் மீண்டுவிட்டது. ஆர்மாண்ட் அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

போகவில்லை. "எதை வச்சு என் பூவைப் போடறீங்க?" என்று கேட்டார். "என் பேரை வச்சா? அவன் குண்டைக் காட்டினான், போட்டீங்க. நான் பேரைக் காட்டறேன், போடறீங்க. எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் சொன்னபடி நான்கு தோட்டத்துப் பூவை ஒரே பீரில் நான்கு ஜாடிகளாக ஊறப்போட்டார்கள். ஜாடியில் எண் மட்டும். எந்த எண் யாருடையது என்பதை கொலெட் எழுதிப் பூட்டிவைத்தாள். மூன்று நாள் கழித்து எல்லோரும் குடித்துப் பார்த்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஆர்மாண்டும் எழுதினார்.

இரண்டாம் எண் கடைசி. 'வெங்காய வாடை' என்று முப்பது பேர் எழுதியிருந்தார்கள். அந்த முப்பதில் ஒன்று ஆர்மாண்டின் கையெழுத்து. கொலெட் பூட்டைத் திறந்து தாளைப் படித்தபோது அவள் குரல் தாழ்ந்தது. இரண்டாம் எண் லக்காஸ் தோட்டம்.

ஆர்மாண்டின் முதுகு வளையவில்லை. பேனாவை எடுத்து, அந்த ஆண்டு ஒட்டுச்சீட்டில் தன் குடும்பப் பெயரைத் தானே அடித்தார். வென்ற தோட்டத்தின் பெயரை நல்ல எழுத்தில் எழுதினார்.

டெர்ரிக்கு முகம் பிரகாசமானது. "பாத்தீங்களா ஆர்மாண்ட்? அந்த ஆளு சொன்னது பலிச்சிடுச்சே. உங்க பூ வேண்டாம்னுதானே அவரும் சொன்னாரு?"

ஆர்மாண்ட் பேனாவை மூடினார்.

"அவன் என் தாத்தா மேல கோபம்னான். நீங்க வெங்காய வாடைன்னீங்க. வெங்காய வாடை வந்தா அறுவடை தாமதம்னு அர்த்தம். இந்த வருஷம் பத்து நாள் தாமதம், தப்பு என்னுது. சொல்லுங்க டெர்ரி, இந்த ரெண்டுல எதை நான் அடுத்த வருஷம் திருத்த முடியும்?"

டெர்ரி பிறந்த நேரம் எழுதிய தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் 'பத்து நாள்' என்று எழுதினார். பொறியாளர் ஆயிற்றே, அடிக்கோடும் போட்டார்.

தாத்தா மேல் உள்ள கோபத்தைத் தீர்க்க ஒரு ஃபிஸ்க் வேண்டும், ஃபிஸ்க்குக்குப் பணம் வேண்டும். பத்து நாள் முன்னால் அறுக்க ஒரு காலண்டரும் கொஞ்சம் மூளையும் போதும். இரண்டும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. காலண்டரில் நாளுக்கொரு தாள் கிழிக்கிறோம். மற்றதையும் நாளுக்கொரு தடவை தொட்டுப் பார்த்தால் குறைந்துபோகாது.