தனி ஆவர்த்தனமும் மாவுருண்டையும்

“இப்பத்தான்டா வருது! இந்த இடத்தைக் கவனி!” என்று ரேடியோவை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே திரும்பினேன். ஜமுக்காளத்தில் யாரும் இல்லை.

மகள் சாலா உட்கார்ந்திருந்த இடத்தில் அவளுடைய ரிப்பன் கிடந்தது. மகன் பெத்தன் உட்கார்ந்திருந்த இடத்தில் அதுவும் இல்லை. தெருக்கதவு ஆடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் கேரம்போர்டு சத்தம் கேட்டது. ரேடியோவில் மிருதங்க வித்வான் என் ஒருவனுக்காக வாசித்துக்கொண்டிருந்தார்.

“போயிட்டாகளா?” என்று அடுப்படியிலிருந்து என் மனைவி மீனம்மாள் கேட்டாள். கேள்வியில் ஆச்சரியம் இல்லை.

“நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? நிறுத்தக் கூடாதா?”

“நீங்களும் பக்கத்துலதான் இருந்தீக.”

“நான் விளக்கிக்கிட்டு இருந்தேன்.”

“அதைச் சொல்லுங்க.”

கச்சேரி கேட்கிறவர்களுக்குத் தெரியும். பெரிய பாட்டு ஒன்று முடியும் இடத்தில் பாடகர் நிறுத்திக்கொண்டு மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். அதன் பிறகு குரல் கிடையாது. தோல் வாத்தியம் மட்டும். அதுதான் தனி ஆவர்த்தனம். அந்தத் தலையசைப்பைத் தங்களுக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டு பாதிச் சபை காப்பிக்கு எழுந்துவிடும். மனித குலத்தை நான் வெகுநாள் முன்பே இரண்டாகப் பிரித்துவிட்டேன். தனிக்கு உட்காருகிறவர்கள், தனிக்கு எழுந்திருக்கிறவர்கள். என் பிள்ளைகள் முதல் கட்சி. அவர்கள் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம். அவர்களுக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது பாவம் என்று நினைக்கிறவன். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் எழுந்து உட்காரும் குரல் எனக்கு. மிருதங்கத்தின் வலந்தலை எது, இடந்தலை எது, கஞ்சிரா ஏன் உடும்புத் தோல் என்பதெல்லாம் அந்தக் குரலில் என் வீட்டுக் கூடத்தில் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் முழங்கியது. அப்படியும் பிள்ளைகள் எழுந்து போனார்கள் என்றால் கோளாறு மீனம்மாள் பிறந்த காளையார்கோவில் பக்கத்து ரத்தத்தில்தான் இருக்க வேண்டும். எங்கள் ஒக்கூர் ரத்தம் உட்காரும்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு ஜெய்னுலாபுதீன் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பினாங்கில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கேரம்போர்டு அங்கிருந்து கப்பலில் வந்தது.

“வாத்தியாரே, ஒங்க சாமான் ரெண்டு எங்க வீட்டுல கெடந்துச்சு.”

“ஏன்டா எந்திரிச்சுப் போன?” என்று பெத்தனைக் கேட்டேன்.

“பாட்டு முடிஞ்சிருச்சுல்லப்பா.”

“பாட்டு முடிஞ்சாத்தான்டா தனி.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா.”

“கேக்கலையா? ரேடியோ அந்தக் கத்து கத்துது!”

சாலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். கீழே கிடந்த ரிப்பனை எடுத்துப் பின்னலில் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ரேடியோவில் அறிவிப்பு வந்தது. அடுத்த சனிக்கிழமை சிறப்புக் கச்சேரி. மிருதங்கம் யார் என்று சொன்னார்கள். நான் மரியாதையாகக் காதைத் தொட்டுக்கொண்டேன். பெரியவர். தள்ளாத வயது. மேடைக்கு இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவருகிறார்கள் என்று கேள்வி. வானொலிக்கு அவர் வருவதே அபூர்வம். இனி வருவாரோ, மாட்டாரோ. பிள்ளைகளைப் பார்த்தேன். பெத்தன் மூக்கில் விரலை விட்டுக்கொண்டிருந்தான். இதையும் இவன் கேட்காமல் போய்விட்டால், பிற்காலத்தில் இவனுக்கு நான் என்ன வைத்துவிட்டுப் போவேன்? ஒக்கூரில் ஒரு கண்மாய்க்கரைத் துண்டு நிலம். அதுவும் பங்காளித் தகராறில் இருந்தது.

“அடுத்த வாரம் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது” என்று கூடத்துக்குப் பொதுவாகச் சொன்னேன்.

“எந்திரிச்சா?” என்றாள் மீனம்மாள்.

“எந்திரிக்க மாட்டாக.”

“எந்திரிச்சுட்டாகன்னா?”

“எந்திரிச்சுட்டாகன்னா நீ சொல்றதைக் கேக்கிறேன். போதுமா?”

“சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு. இலங்கை வானொலி. சினிமாப் பாட்டு. இனிமே எப்பவும்.”

முடியாது என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஜெய்னுலாபுதீன் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி. எந்திரிக்கலன்னா?”

அவள் கரண்டியால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். “எந்திரிக்கலன்னா ஒங்களுக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும் உக்காந்து கேக்கிறேன். ஆனா ஒண்ணு. அன்னைக்கு எப்படிக் கேட்டோமோ அதே மாதிரிதான் எல்லா வாரமும் கேக்கணும். எதையும் மாத்தக் கூடாது.”

என் காதுகளை நான் நம்பவில்லை. நான் கேட்க நினைத்த வரத்தை அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பேச்சு மாற மாட்டியே?”

“நீங்க மாறாம இருந்தாச் சரி. அண்ணே, நீங்கதான் சாட்சி.”

“அல்லா சாட்சி. அடுத்த சாட்சி நான்” என்றார் ஜெய்னுலாபுதீன்.

அந்த வாரம் முழுக்க நான் தயார் செய்தேன். குளிக்கும்போது ஒத்திகை, சைக்கிளில் போகும்போது ஒத்திகை. மிருதங்கம் வாசிப்பதைக் கஞ்சிரா அப்படியே திருப்பிச் சொல்லும், அண்ணனைத் தம்பி காப்பியடிப்பது மாதிரி என்று ஓர் உவமை கிடைத்தது. பிள்ளைகளுக்குப் புரியும். எனக்கே பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடெல்லாம் பாசிப்பருப்பு வறுத்த வாசம்.

“என்ன விசேசம்?”

“மாவுருண்டை. அம்புட்டுப் பெரியவர் வாசிக்கிறார்னீக. வெறும் வாயோடவா கேக்கிறது?”

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இவளுக்கு உள்ளுக்குள் மரியாதை இருந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை விளக்கு வைத்ததும் எல்லோரும் கூடிவிட்டோம். சுவரோரம் ஜெய்னுலாபுதீன். ஜமுக்காளத்தில் பிள்ளைகள். அடுப்படி நிலையில் சாய்ந்து மீனம்மாள். ரேடியோ சூடாகிக் கரகரத்து, பிறகு தெளிந்தது. பாட்டு நன்றாக இருந்தது. பெரியவர் பின்னால் அடக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். நான் நடுநடுவே சொல்லிக்கொண்டு வந்தேன். பெத்தன் ஒரு முறை தெருக்கதவைப் பார்த்தான். ஜெய்னுலாபுதீன் கொட்டாவி விட்டார்.

பாடகர் நிறுத்தினார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன். பெத்தனின் முழங்கால் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பியது.

“கவனிங்க. இப்ப மிருதங்கம்...”

“இந்தாங்க” என்று மீனம்மாள் தட்டை நீட்டினாள். “இதை வாயில போட்டுக்கிட்டுச் சொல்லுங்க.”

மாவுருண்டையைக் கடித்துத் தின்னக் கூடாது. கடித்தால் உதிர்ந்து பாதி சட்டையில் போகும். முழுசாக வாயில் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் தவழும் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். தட்டில் மேலாக இருந்தது சின்னத் தேங்காய் மாதிரி இருந்தது. யோசிக்காமல் போட்டுக்கொண்டேன்.

நெய் குறைவு என்பது உடனே தெரிந்தது. நெய்யே இல்லை என்பது அடுத்தபடி தெரிந்தது. மாவு நாக்கை மூடியது, மேலண்ணத்தில் ஏறி அப்பியது, கன்னங்களில் அடைத்துக்கொண்டது. தண்ணீருக்குக் கையை நீட்டினேன். ரேடியோ மேசைக்குக் கீழே எப்போதும் இருக்கும் செம்பைக் காணோம்.

அப்போது பெரியவர் ஒரு தட்டு தட்டினார்.

ஒன்றுதான். இடந்தலையில். அது ரேடியோவிலிருந்து வந்த மாதிரி இல்லை. தரைக்குக் கீழே யாரோ கனமான ஒன்றை மெதுவாக உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. அலமாரியில் எவர்சில்வர் தம்ளர் ஒன்று அந்த ஓசையை வாங்கிக் கொஞ்சம் வைத்திருந்துவிட்டு விட்டது. பெத்தன் தம்ளரைப் பார்த்தான். பிறகு ரேடியோவைப் பார்த்தான். முழங்கால் கீழே இறங்கியது.

இரண்டாவது தட்டு வரவில்லை. காத்திருந்தோம். வர வேண்டிய இடம் கடந்து போனது. ஜெய்னுலாபுதீன் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தியிருந்தார். எந்த இடத்திலும் வராது என்று நான் கைவிட்ட கணத்தில் அது வந்து உட்கார்ந்தது. அதைத் தவிர அதற்கு வேறு இடமே இல்லை என்று தோன்றியது.

கைகள் தளர்ந்த மனிதர் என்றார்களே. அந்தக் கைகள் அவசரப்படவில்லை. ஒரு சொல்லை எடுத்தார். அதைப் பாதியாக்கினார். பாதியை வைத்துக்கொண்டு வீடு கட்டினார். விரல்கள் சேர்ந்து வேகம் பிடித்தபோது ரேடியோவின் முன்பக்கத் துணி நடுங்குவது தெரிந்தது. சாலா எழுந்திருக்காமலே நகர்ந்து போய் அந்தத் துணியில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

கஞ்சிரா உள்ளே வந்தது. நான் வாரம் முழுக்கக் காத்திருந்த இடம். அண்ணனும் தம்பியும்! சொல்லியே ஆக வேண்டும். வாயைத் திறந்தேன். மாவு புகையாகப் பறந்து பெத்தனின் தலையில் இறங்கியது. அவன் திரும்பாமலே தலையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

நல்லவேளை. ஏனென்றால் கஞ்சிரா காப்பியடிக்கவில்லை. அவர் கேட்டதற்கு அது வேறு பதில் சொன்னது. அந்தப் பதிலை அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இப்படியும் சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி இன்னும் சின்னதாகச் சொன்னார். அவர்களுக்குள் இப்படி ஒரு பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ தனிகளுக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றுக்கும் எழுந்ததில்லை. உள்ளே இருந்ததும் இல்லை.

இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கூடம் சிறுத்துவிட்டது. எனக்கு வாயில் மாவு இருப்பது மறந்துபோனது. சுவர், விளக்கு, என் கை எல்லாம் அந்தச் சத்தத்தின் தயவில் அங்கே இருக்கிற மாதிரி இருந்தன. நிலையில் சாய்ந்திருந்த மீனம்மாள் எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. கரண்டி மடியில் கிடந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. யாருமே யாரையும் பார்க்கவில்லை. கடைசி அடுக்கு மூன்று முறை ஏறி வந்தது. ஒவ்வொரு முறையும் இதற்கு மேல் இடமில்லை என்று தோன்றியது. மூன்றாவது முறை இடத்தை உண்டாக்கிக்கொண்டு போய், பாடகர் விட்ட அதே எழுத்தில் அவரை எடுத்து நிறுத்தியது.

பாடகரின் குரல் திரும்ப வந்தபோது வேண்டாத விருந்தாளி மாதிரி இருந்தது.

“முடிஞ்சிருச்சாப்பா?” என்றான் பெத்தன்.

தலையாட்டினேன்.

“மறுபடியும் போடச் சொல்லுங்க.”

ரேடியோவில் அதெல்லாம் முடியாது என்று கையால் சொன்னேன். அவன் உதடு கோணியது. பிறகு அழ ஆரம்பித்தான். அடித்தால்கூட அழாத பையன். சாலா துணியில் வைத்த கையைக் காதருகே கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனம்மாள் எழுந்து, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து செம்பை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். குடித்தேன். மாவு இறங்க நேரமாயிற்று.

“நாலு வருசமா இந்தப் பொட்டி நம்ம வீட்டுல இருக்கு” என்றாள் மெதுவாக. “இன்னைக்குத்தான் கேட்டேன்.”

“நான் ஜெயிச்சுட்டேன்” என்றேன். “ஒருத்தரும் எந்திரிக்கல.”

“நீங்கதான் ஜெயிச்சீக. யார் இல்லன்னது?”

“எல்லாச் சனிக்கிழமையும் கச்சேரிதான்.”

“கச்சேரிதான்.”

“அடுத்த வாரம் அந்த இடத்தை நான் இன்னும் நல்லா விளக்கி...”

“வாத்தியாரே” என்று ஜெய்னுலாபுதீன் குறுக்கிட்டார். “இன்னைக்கு எப்படியோ அதே மாதிரின்னுல்ல பேச்சு. எதையும் மாத்தக் கூடாதுன்னு தங்கச்சி சொன்னப்ப, நீங்க ‘பேச்சு மாற மாட்டியே’ன்னு கேட்டீகளே. நான் சாட்சி.”

நான் மீனம்மாளைப் பார்த்தேன். அவள் தட்டில் மிச்சமிருந்த உருண்டைகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிறையவே செய்திருந்தாள். சில வாரங்களுக்கு வரும்.

அடுத்த சனிக்கிழமை வேறு வித்வான். இளையவர். பாடகர் நிறுத்தியதும் சாலா துணியில் கையை வைத்தாள். பெத்தன் அவள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டான். எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. போன வாரத்துப் பெரியவரைப் பற்றி. முக்கியமான விஷயம். தொண்டையைச் செருமினேன்.

சாலா இன்னொரு கையால் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். இருப்பதில் சின்னதாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன். ரேடியோவிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் அதை என் விரல்களிலிருந்து வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, பெரியதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.