நாற்பது ஏக்கரும் ஒரு குங்குமப் பொட்டும்

நூற்று எழுபத்து மூன்று வெள்ளி நாற்பது காசு. மனிதகுலம் நில உடைமையில் கண்ட மாபெரும் புரட்சிக்கு ஆன மொத்தச் செலவு இவ்வளவுதான். அதுவும் கடன். செம்பனைத் தோட்டத்தில் பீஜி பொறுக்கும் பஞ்சாலை, லிங்கியில் ஆம்புரோஸ் கடையில் அந்தத் தொகைக்குப் பாக்கி சொல்லி ஒரு வீடியோ கேம் டிஸ்க்கை வாங்கினாள். வாங்கிய அன்றே நாற்பது ஏக்கர் நிலத்துக்கும், ஏழு பசுக்களுக்கும், நீலக்கூரை போட்ட ஒரு வீட்டுக்கும் சொந்தக்காரி ஆகிவிட்டாள். அவள் பாட்டன் கப்பலைவிட்டு இறங்கிய நாள் முதல் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்காத யோகம் அது.

பீஜி என்பது எண்ணெய் எடுக்கிற அந்தப் பனையின் பழக்குலையை வெட்டித் தள்ளும்போது சிதறுகிற உதிரிப் பழம். குனிந்து பொறுக்கிக் கோணியில் போட வேண்டும். பஞ்சாலை குனிந்தது குனிந்தபடியே ஐம்பத்தைந்து வயதுக்கு வந்து சேர்ந்திருந்தாள். மகன் முகுந்தன் ஜொகூருக்கு வேலைக்குப் போனபோது கேம் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். அதைத் தூசு துடைக்கப் போன இடத்தில் அவளுக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

ஆட்டத்துக்குள் இருந்த அந்தப் பண்ணையில் வேலை ஏவுகிற மண்டோர் கிடையாது. கணக்கெழுதும் கிராணி கிடையாது. விடியும் முன்னே பேர் கூப்பிடுகிற பெரட்டு கிடையாது. சோளம் போட்டால் சோளம் வந்தது. வாசலில் ஒரு பலகை. அதில் தன் பெயரை அவளே ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து அடித்திருந்தாள். ஒரே ஒரு குறை. அந்த ஆட்டத்தில் மரத்தடியில் விழுந்து கிடக்கும் ஆப்பிளுக்குக் காலணா மதிப்பில்லை. ஆனாலும் பஞ்சாலை ஒன்று விடாமல் பொறுக்கினாள்.

"யக்கா, அதுக்கு காசு வராதுக்கா. விடு," என்பான் பக்கத்து வீட்டுச் சன்னாசி. குலை வெட்டுகிறவன்.

"கீழ கெடந்தா ஏசுவாங்கடா."

"யாரு ஏசுவா? இங்க மொதலாளி, தவுக்கே எல்லாம் நீதானே!"

"தவுக்கேன்னா மட்டும்? கெடக்க விடலாமா?"

டிஸ்க் என்பது மிகவும் பின்தங்கிய ஒரு பொருள். அதைக் கையில் எடுக்கலாம், கொடுக்கலாம், திரும்ப வாங்கலாம். ஞாயிறுதோறும் சன்னாசியின் பெண்டாட்டி திலகா அதைத் தன் வீட்டுப் பெட்டியில் போட இரவல் வாங்கிப் போவாள். திருப்பித் தரும்போது மேலே ஒரு தட்டு பொரித்த மரவள்ளிக் கிழங்கு இருக்கும். இப்படிப்பட்ட 'ஒழுங்கற்ற விநியோகத்தால்' உலகத்துக் கம்பெனிகள் அடைந்த நஷ்டத்தை அந்த லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆயுத பூஜை வந்தது. உழைக்கிற கருவிக்கெல்லாம் பொட்டு வைக்கிற நாள். சன்னாசியின் அரிவாளுக்குப் பொட்டு, மோட்டாருக்குப் பொட்டு, பஞ்சாலையின் கோணிக்கும் வாருகோலுக்கும் பொட்டு. பிறகு அவள் யோசித்தாள். தோட்டத்து நிலத்துக்கு அரிவாள். என் நிலத்துக்கு? டிஸ்க்கை எடுத்தாள். பளபளக்கிற பக்கத்தில் சந்தனத்தைத் தாராளமாகப் பூசி, நடு ஓட்டையைச் சுற்றிக் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டிக் கும்பிட்டாள்.

மறுநாள் பெட்டி 'டிஸ்க்கைப் படிக்க இயலவில்லை' என்றது. நாத்திகப் பெட்டி.

கடைக்கு ஓடினாள். ஆம்புரோஸ் முட்டி ஆபரேஷனுக்காகச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்தார். கல்லாவில் மகன் ராய்ஸ்டன் உட்கார்ந்திருந்தான். நீலாயில் வியாபாரம் படித்து டிப்ளோமாவோடு திரும்பியவன். கடையின் பெயர்ப்பலகை அதற்குள் 'ராய்ஸ்டன் டிஜிட்டல் சொலுஷன்ஸ்' ஆகியிருந்தது.

அவன் டிஸ்க்கை இரண்டு விரலால் பிடித்து முகர்ந்து பார்த்தான். "ஆண்டி, என்னா இது? தோசையா?"

"சந்தனம், தம்பி. பூசைக்கு வெச்சேன்."

"டிஸ்க்கெல்லாம் செத்துப் போச்சு ஆண்டி. இப்ப எல்லாம் டிஜிட்டல்தான்லா. இத குடுத்துட்டுப் போங்க, டிஜிட்டல்ல ஏத்திக் குடுக்கறேன். கீறாது, ஒடையாது, திருட முடியாது."

"பொட்டு?"

"பொட்டும் வெக்க முடியாது."

"அப்ப என் பண்ணை?"

"அது ஒங்க பெட்டிக்குள்ளதான் இருக்கு. டிஸ்க்கு சும்மா சாவி. இனிமே சாவி கம்பெனிகிட்ட இருக்கும். ஒங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

தன் வீட்டுச் சாவியைப் பிறர் சுமக்க முன்வருவது எவ்வளவு பெரிய மனசு! பஞ்சாலை நெகிழ்ந்து போனாள். ஓராண்டாகச் சம்பளத்துக்குச் சம்பளம் அவள் கட்டியதில் பாக்கி பாதியாகக் குறைந்திருந்தது. அதனோடு 'நவீனமயக் கட்டணம்' சேர்ந்ததும் கணக்கு மறுபடி நூற்று எழுபத்து மூன்று வெள்ளி நாற்பது காசுக்கே வந்து நின்றது. இவ்வளவு கச்சிதமாகக் கணக்கு வர டிப்ளோமா வேண்டும்.

டிஜிட்டலின் மகிமை அன்று மாலையே தெரிந்தது. பெட்டி ஒவ்வொரு முறையும் கம்பெனியிடம் 'இந்த அம்மாவை உள்ளே விடலாமா' என்று கேட்டது. கேட்பதற்கு இணைய லைன் வேண்டும். லயத்தில் லைன் தரையில் கிடைப்பதில்லை, உயரத்தில்தான் கிடைக்கும். ஆகவே சன்னாசி குலை வெட்டும் நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கழற்றிவிட்டு, அங்கே பஞ்சாலையின் கைப்பேசியைக் கட்டி, வாசலில் நின்று வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தான்.

"வந்துருச்சாக்கா?"

"ஒரு கோடு வந்துருக்கு. இன்னும் கொஞ்சம் ஒசத்து."

"இதுக்கு மேல ஒசத்தணும்னா நான் மரத்துல ஏறணும். சீக்கிரம் மாட்டுக்குத் தீனி போடுக்கா, கை கடுக்குது!"

"நாலு மாட்டுக்குப் போட்டாச்சு. மூணு பாக்கி."

"அந்த மூணையும் வித்துருக்கா!"

திலகாவின் ஞாயிற்றுக்கிழமை நின்று போனது. மரவள்ளிக் கிழங்கும் நின்று போனது. முன்னேற்றம் என்றால் சிலதை இழக்கத்தான் வேண்டும்.

இந்த நேரத்தில் தோட்டத்தையும் முன்னேற்றம் கண்டுகொண்டது. தோட்டக் கம்பெனி நிலத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டதாம். கோயில் மண்டபத்தில் கூட்டம். கம்பெனி அதிகாரி குணாளன் வந்தார். எல்லோருக்கும் ஒரு பொட்டலம் நாசி லெமாக், ஒரு பாட்டில் தண்ணீர். சோறு கொடுத்த பிறகுதான் செய்தியைச் சொன்னார். அந்த அளவுக்குப் பண்பானவர்.

"மொதல்ல ஒண்ண புரிஞ்சுக்கணும். வீடு ஒங்களோடது இல்ல. வேலை இருக்கற வரைக்கும் தங்கறதுக்குக் கம்பெனி குடுத்த அனுமதி. அனுமதி முடிஞ்சிருச்சி, அவ்வளவுதான்."

பஞ்சாலை எழுந்து நின்றாள். "ஐயா, எங்க தாத்தா காலத்துலேருந்து பொங்கலுக்குப் பொங்கல் அந்த வாசல் நிலைக்குச் சந்தனம் குங்குமம் வெக்கறோம். வந்து பாருங்க. சுரண்டுனா படைபடையா வரும்."

குணாளன் புன்னகை செய்தார். "அம்மா, குங்குமத்த எந்த ஆபீஸ்லயும் ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்க."

சட்டத்தை இவ்வளவு எளிய தமிழில் விளக்குகிற அதிகாரி அமைவது அபூர்வம். சிலர் அழுதார்கள். சன்னாசி பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தான். வீட்டுக்கு நடக்கும்போது அவன், "எங்கக்கா போவ?" என்று கேட்டான்.

"எனக்கென்னடா? எனக்கு வேற வீடு இருக்கு," என்றாள் பஞ்சாலை. அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

அன்று மாலை சன்னாசி கேட்காமலே கம்பைத் தூக்கிப் பிடித்தான். கோடு வந்தது. பெட்டி கம்பெனியைக் கேட்டது. கம்பெனி பதில் சொன்னது: 'இந்த விளையாட்டுக்கான உரிமம் முடிவுற்றது. உங்கள் புரிதலுக்கு நன்றி.'

பஞ்சாலை பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். புரிதலுக்கு நன்றி. புரிதலுக்கு நன்றி.

"என்னக்கா, மாடு தின்னுச்சா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"எறக்கிருடா. கை வலிக்கப் போவுது."

காலையில் பெரட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினாள். கடையில் ராய்ஸ்டன் ஆறுதலாகவே பேசினான்.

"ஆண்டி, நீங்க அத வாங்கல. வெளையாடறதுக்கு அனுமதி வாங்குனீங்க. ரெண்டும் வேற வேற. அத செஞ்ச கம்பெனி இழுத்து மூடிட்டாங்க, அனுமதியும் முடிஞ்சிருச்சி. ஒலகம் பூரா இப்ப இப்படித்தான்லா."

"ஒலகம் பூராவுமா?"

"ஆமா. அமெரிக்கால கூட."

பஞ்சாலை கொஞ்சம் வியந்துதான் போனாள். தோட்டத்துத் துரைமார்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்ததை அமெரிக்கா இப்போதுதான் எட்டிப் பிடித்திருக்கிறது. இனி உலகம் பூராவும் லயம்தான்.

"அப்ப பாக்கி?"

"பாக்கி முடியாது ஆண்டி. பாக்கி பாக்கிதான்."

அவள் சுருக்குப் பையைத் திறந்து நோட்டுகளை எடுத்தபோதுதான் கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். உள்ளே, சிவப்பு வெல்வெட் துணிமேல் ஒரு டிஸ்க். நீலக்கூரை வீட்டுப் படம் போட்டது. பக்கத்தில் அட்டை: 'அரிய பொருள். இனிக் கிடைக்காது. 350 வெள்ளி.'

"தம்பி, இது என்னோடது."

"ஒங்களோடது செத்துப் போச்சுன்னு சொன்னேனே. இது வேற."

"என்னா சத்தம் அங்க?" பின்னறையிலிருந்து ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஆம்புரோஸ் வந்தார்.

"அண்ணே, அது என்னோட டிஸ்க்குண்ணே. சந்தனம் பூசி, நடுவுல குங்குமம் வெச்சேன். இவருதான் வாங்கி வெச்சுக்கிட்டாரு."

ஆம்புரோஸ் அலமாரியைத் திறந்து டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்திருந்தது. ஆனால் நடு ஓட்டையின் ஓரத்தில், துணி நுழையாத பள்ளத்தில், நகக்கண் அளவுக்குச் சிவப்பு.

"ராய்ஸ்டன், என்னடா இது?"

"அழுக்கு, டாடி."

"அழுக்கா? நாம ஞாயித்துக்கெழம சர்ச்சு பூசைக்குப் போற ஆளுங்க. நம்ம வீட்டுல எவன்டா டிஸ்க்குக்குக் குங்குமம் வெச்சான்? ஒங்கம்மாவா?"

"அதெல்லாம் ஆதாரம் ஆவாது டாடி. சிஸ்டத்துல இது நம்ம ஸ்டாக்."

"சிஸ்டத்துக்குக் கண்ணு இல்ல. எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, முட்டிதான் போச்சு." டிஸ்க்கை உறையில் போட்டு அவளிடம் நீட்டினார். "எடுத்துக்க, தங்கச்சி. பாக்கிய அடிச்சிட்டேன்."

"கடன் வெச்சா எனக்குத் தூக்கம் வராதுண்ணே."

"இப்ப கடன்காரன் நீயா, நானா? போ, பஸ்ஸு போயிரும்."

அன்று மாலை கம்பு தேவைப்படவில்லை. சன்னாசி அரிவாளை மறுபடி கம்பில் மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் குந்தினான். நீலக்கூரை அப்படியே இருந்தது. பலகையில் பெயர் இருந்தது. மரத்தடியில் ஆப்பிள்கள் ஏராளமாக விழுந்து கிடந்தன. பஞ்சாலை முதல் வேலையாக அவற்றைப் பொறுக்கத் தொடங்கினாள். இந்த முறை அவன், "அந்தா, வேலியோரம் ஒண்ணு கெடக்குக்கா," என்றான்.

ஆம்புரோஸைப் போன்ற பழைய காலத்து வியாபாரிகளால்தான் நாடு முன்னேறாமல் கிடக்கிறது. கண்ணால் பார்த்ததை நம்புகிறார்கள். ஒரு துளிக் குங்குமத்துக்காக முந்நூற்றைம்பது வெள்ளியை விடுகிறார்கள். ராய்ஸ்டன் தேறிவிடுவான், ஆனால் அவனுக்கும் இன்னும் பயிற்சி போதாது. அவன் துணியால் துடைத்தான். பள்ளத்தில் சிவப்பு மிஞ்சிவிட்டது. துடைப்பது எப்படி என்று தோட்டத்துக் கம்பெனியிடம் கற்க வேண்டும். அடுத்த மாதம் அவர்கள் புல்டோசர் அனுப்பினார்கள். பாட்டன் காலத்திலிருந்து படைபடையாகக் குங்குமம் ஏறிய நிலையும் அதில் போனது. மூன்று தலைமுறைக்குக் கம்பெனி பட்டிருந்த பாக்கி காலைத் தேநீருக்கு முன்பே தீர்ந்தது. நகக்கண் அளவு சிவப்புகூட மிச்சம் வைக்கவில்லை.