ஒழுகாத ஸ்ப்ரே கன்

தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இருபத்துமூன்று வயது வரை பயம். பல்லி, முதலாளி, இந்தி மூன்றுக்குமே பயம்தான். ஆனால் தலைமைப் பயம் இதுதான். 'தெரியாது' என்று வாயைத் திறந்தால் அந்த நிமிடமே கோயமுத்தூருக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், புனே பக்கத்துப் போசரியில் மின்சார பேனல் பெட்டிகள் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனேன். முதலாளி நடேசன் சார் கும்பகோணத்துக்காரர். புனேக்கு வந்து முப்பது வருடம் ஆனதில் தமிழையும் மராத்தியையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுவார். இன்டர்வியூவில், "பெயின்டிங் லைன் தெரியுமோ?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுங்க சார்" என்றேன். (எங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.)

ஆறு மாதம் பார்ப்பதாகவும், பிறகு நிரந்தரம் செய்வதாகவும் சொன்னார். ஊரில் அம்மா அதற்குள் நான் நிரந்தரமாகிவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஆறாவது மாதக் கடைசியில் பெயின்ட் அடிக்கும் பழைய கன் உடைந்தது. நடேசன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கம்ப்ரஸருக்கு ஒத்துப்போற கன்னாப் பார்த்து வாங்கிண்டு வா. பன்னெண்டு பேனலையும் பார்க்க வெள்ளிக்கிழமை மத்தியானம் கஸ்டமர் ஆள் வரான். பாஸ் ஆயிடுத்துன்னா உன் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன். சமஜ்லா?"

பழைய கன்னையே மாதிரிக்கு எடுத்துக்கொண்டு சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இதுவரை நான் எந்த முட்டாள்தனமும் செய்யவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கம்பெனிக்கு வந்து மாட்டிப் பார்த்தேன். விசையைத் தொடவே இல்லை, அதற்குள் 'புஸ்ஸ்' என்று காற்று வெளியேறிக்கொண்டே இருந்தது. மதராஸி என்று தெரிந்துகொண்டு ஓட்டை சாமானைத் தலையில் கட்டிவிட்டான்! பழைய கன்னும் இப்படித்தான் ஒழுகியதா என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே.

மறுநாளே கடைக்கு ஓடினேன். "யே கராப் ஹை. ஹவா ஜாதா ஹை" என்று என்னிடம் இருந்த இந்தி முழுவதையும் செலவழித்தேன். கடைக்காரர் கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் விளக்கினார். எனக்குக் கால்வாசி புரிந்தது. முழுசாகப் புரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன். கடைசியில், "டேங்க் ஹை க்யா?" என்றார். கம்ப்ரஸருக்கு அடியில் உருண்டையாக ஏதோ பார்த்த ஞாபகம் இருந்தது.

"ஹை, ஹை!"

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். அது ஒழுகவில்லை. குழாயில் திருகும் மரையும் கச்சிதமாகப் பொருந்தியது. மரை பொருந்தினால் எல்லாப் பொருத்தமும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. பெட்டிகளுக்கு வெளிப்பக்கச் சாம்பல் நிறம் பழைய கன்னிலேயே முடிந்து, பன்னிரண்டும் சுவரோரம் பளபளவென்று நின்றன. உள்ளே பொருத்தும் தகடுகளுக்கு ஆரஞ்சு அடிப்பது மட்டும் பாக்கி. பெயின்டர் பாண்டுரங் காகா புது கன்னைக் காதருகே வைத்துப் பார்த்தார். "கப்ப ஆஹே" என்றார். சத்தமே போடாமல் இருக்கிறதே என்று அவருக்குச் சந்தேகம்.

"அச்சா வாலா, காகா" என்றேன் பெருமையாக.

பத்தரைக்கு டீ. காகா கன்னைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார். கம்ப்ரஸர் மெஷினை அணைக்கவில்லை. அவர் எப்போதும் அணைப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் மெஷினின் குரல் மாறியது. டக டகவென்று ஓடிக்கொண்டிருந்தது முக்க ஆரம்பித்தது. கன்னுக்குக் காற்று கொண்டுபோக, தரையில் சுருண்டு கிடந்த ரப்பர் குழாய் மெல்ல நிமிர்ந்து விறைத்தது. நடுவில் ஓர் இடம் பூசணிப்பிஞ்சு மாதிரி புடைத்தது.

ஸ்விட்ச் குழாய்க்கு அந்தப் பக்கம், சுவரில். தாண்ட வேண்டியது இரண்டே அடி. நான் பின்பக்கமாக ஓரடி நகர்ந்தேன். கத்தி யாரையாவது கூப்பிடலாம். வந்தால் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

அந்த நேரம் பார்த்து நடேசன் சார் உள்ளே வந்தார்.

"காய் ஜாலா ரே? மெஷின் ஏன் இப்படி முக்கறது?"

"புதுசில்லைங்களா சார்... செட் ஆகுதுங்க."

"அப்படியா?" என்று குழாய்க்குப் பக்கத்தில் போனார். புடைப்பைப் பார்க்க மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பயந்ததில்லை. அவர் முகத்துக்கும் அந்தப் புடைப்புக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. என் ஒற்றைப் பொய்யை நம்பித்தான் அவர் குனிந்திருந்தார்.

"தெரியாதுங்க சார்! எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க!" என்று அலறிக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இருவரும் மல்லாக்க விழுந்தோம்.

டமார்!

குழாய் கிழிந்து சாட்டையாய்ச் சுழன்றது. அவர் தலை இருந்த இடத்தைத் தாண்டிப் போய்க் கன்னைக் கொக்கியிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தது. கிண்ணம் நிறைய இருந்த ஆரஞ்சு பெயின்ட் பன்னிரண்டு சாம்பல் பெட்டிகள் மேலும் எங்கள் மேலும் பாரபட்சமின்றி விழுந்தது.

காகா டீ கிளாஸோடு வந்தார். சாவகாசமாக ஸ்விட்சை அணைத்தார். கம்ப்ரஸருக்கு அடியில் நான் டேங்க் என்று நினைத்த உருண்டையைக் காலால் தட்டினார். பெயின்டில் கலக்கும் தின்னர் இருந்த காலி டப்பா. மெஷினுக்கு மேடையாக வைத்திருந்தார்கள். அந்த மெஷினில் காற்றைச் சேர்த்துவைக்க டேங்கும் இல்லை, தானாக நிற்கும் வசதியும் இல்லை. விசையை விட்டதும் காற்று வெளியே போக வேண்டும். இல்லையென்றால் குழாயில் அடைபட்டு வெடிக்கும்; அதற்காகவே பழைய கன்னும் முதலில் வாங்கியதும் ஒழுகின. நான்தான் சண்டை போட்டு அந்த ஒழுகலை மாற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

அன்று பேனல்கள் பாஸ் ஆகவில்லை. நடேசன் சார் கண்ணாடியிலிருந்த ஆரஞ்சைத் துடைத்தபடி கேட்டார்: "ஏன்டா புளுகினே? நான் ஸ்டோர்ஸுக்குத்தானே ஆள் எடுத்தேன். பெயின்டிங்கைப் பத்திச் சும்மா பேச்சுக்குன்னா கேட்டேன்!"

அழுதுவிட்டேன். லெட்டர் மூன்று மாதம் தள்ளி வந்தது. அம்மாவுக்கு அந்த மூன்று மாதக் கதை இன்றுவரை தெரியாது.

பிறகு என் கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் வரை வந்திருந்த நடேசன் சார், மேடை ஏறி மணப்பெண்ணிடம் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, "உனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேம்மா. இவன் தெரியும்னு சொன்னா நம்பாதே. தெரியாதுன்னு கத்தினா உடனே குனிஞ்சுக்கோ" என்றார்.

அவள் அதை எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்திருக்கிறாள். போன வாரம் சாப்பிடும்போது போனில் யாரோ ஏதோ விலாசம் கேட்டார்கள். "தெரியாதுங்க" என்றேன். திரும்பிப் பார்த்தால் சாப்பாட்டு மேஜையில் என்னுடையது போக மூன்று தட்டுகள் மட்டும் இருந்தன. ஆட்கள் மேஜைக்கு அடியில் இருந்தார்கள்.